பாதியில் நிறுத்திய சோதனை

பள்ளியில் அறிவியல் படித்த யாரைக் கேட்டாலும் இந்தச் சோதனை நினைவிருக்கும். கண்ணாடி டம்ளரில் தெளிந்த சுண்ணாம்பு நீர். அதில் ஒரு ஸ்டிராவை விட்டு ஊதச் சொல்வார் ஆசிரியர். சிறிது நேரத்தில் தண்ணீர் பால்போல் வெளுக்கும். "நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். மணி அடிக்கும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

நிறுத்தச் சொன்ன பிறகும் ஊதிக்கொண்டே இருக்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்று உண்டு. "போதும், வை" என்று அதட்டல் விழும். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானது. இன்னும் ஊதினால் என்ன ஆகும்? இன்னும் வெளுக்குமா, தயிர்போல் கெட்டிப்படுமா?

இரண்டும் இல்லை. வாயு மேலும் மேலும் சேர்ந்தால், வெளுத்த நீர் மறுபடி தெளிந்துவிடும். வெண்மையை உண்டாக்கிய அதே வாயு, அளவு மிஞ்சியதும் அந்த வெண்மையைக் கரைத்துவிடுகிறது.

காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாக்க முயலும் தொழில்நுட்பம் இந்தச் சோதனையின் முதல் பாதி. உலகக் கடல்களில் சிப்பிக்கும் பவளத்துக்கும் வந்திருக்கும் நெருக்கடி இரண்டாம் பாதி. நாம் முதல் பாதியோடு எழுந்து வந்துவிட்டோம். இந்த அத்தியாயத்தில் மீதியையும் செய்து பார்ப்போம்.

பெயரிலேயே இருக்கும் அமிலம்

பாடநூல்கள் இப்போது கார்பன் டை ஆக்சைடு என்கின்றன. பழைய பெயரான கரியமில வாயுவைப் பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. இதில் அமிலம் எங்கிருந்து வந்தது? உலர்ந்த வாயுவாக இருக்கும்வரை அது அமிலமில்லை. தண்ணீரில் கரைந்ததும் அதில் ஒரு சிறு பங்கு தண்ணீரோடு சேர்ந்து கரியமிலம் ஆகிறது. மென்மையான அமிலம்தான். ஆனாலும் நம் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

கோலி சோடாவின் முதல் வாய் சுள்ளென்று கடிக்கிறதே, அந்தக் கடி இதுதான். குமிழிகள் குத்துவதால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் சிலரை உட்காரவைத்துச் சோடாவைச் சுவைக்கச் செய்தார்கள். அந்த அழுத்தத்தில் சோடாவில் குமிழி எழாது. ஆனால் கடி குறையவில்லை. கடிப்பது அமிலம். திறந்து வைத்த சோடா மறுநாள் சப்பென்று இருப்பதற்கும் காரணம் இதுவே. வாயு பறந்துவிட்டது, அதோடு அமிலமும் போய்விட்டது.

கண்ணாலும் பார்க்கலாம். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் தண்ணீர் சிவக்கிறது. சுண்ணாம்பு ஒரு காரம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அந்தச் சிவந்த நீரை இரண்டு விரற்கடை அளவு டம்ளரில் எடுத்து, சர்க்கரை சேராத சாதா சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சிவப்பு மங்கி, மஞ்சள் திரும்பி வரும். கரைந்த வாயு காரத்தை அடக்கிவிட்டது. புளியோ எலுமிச்சையோ தேவைப்படவில்லை. வாயுவின் இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டு டம்ளருக்குப் போவோம்.

முதல் பாதி: வெளுத்தல்

நீர்த்த சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி. ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். சுண்ணாம்பு தண்ணீரில் அதிகம் கரையாது. லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் குறைவு. மிச்சம் அடியில் தங்கிவிடும். காலையில் மேலே நிற்கும் தெளிவை அசைக்காமல் வடித்துக்கொள்ளுங்கள். இது காரமான நீர். கண்ணில் படக்கூடாது, ஸ்டிராவால் உறிஞ்சக்கூடாது. சின்னப் பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த நீரில் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் திறந்து வையுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஆறிய பாலின் மேல் ஆடை படிவதுபோல மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று மிதக்கும். ஊசிமுனையால் தொட்டால் நொறுங்கும். யாரும் ஊதவில்லை. காற்றிலிருந்த கரியமில வாயுவைச் சுண்ணாம்பு தானாகவே பிடித்து, கல்லாக்கி வைத்திருக்கிறது.

அந்தக் கல்லின் பெயர் கால்சியம் கார்பனேட். இங்கே சுண்ணக்கல் என்று சொல்லிக்கொள்வோம். சிப்பி ஓடு, முட்டை ஓடு, பவளப்பாறை, பளிங்கு எல்லாமே பெரும்பாலும் இதே சரக்குதான். (வகுப்பறைச் சாக்பீஸை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி ஜிப்சம்.) சுண்ணாம்பு அடித்த சுவர் நாளாக நாளாக இறுகுவதும், திறந்து கிடந்த வெற்றிலைச் சுண்ணாம்பு ஓரத்தில் கல்லாகிப்போவதும் இந்த வேலையால்தான்.

காற்றில் கரியமில வாயு மிகக் குறைவு. பத்தாயிரம் பங்கில் ஏறக்குறைய நான்கு பங்கு. அதனால்தான் ஆடை படிய நேரமாகிறது. நாம் வெளிவிடும் மூச்சில் அது நூறு மடங்கு அதிகம். ஊதினால் உடனே வெளுப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். 1750களில் சுண்ணக்கல்லையும் அதுபோன்ற பொருள்களையும் சூடாக்கி, எடை குறைவதைத் தராசில் பார்த்தார். உள்ளே ஏதோ ஒரு காற்று பூட்டிக் கிடக்கிறது, சூட்டில் அது வெளியேறுகிறது என்று கண்டார். "கட்டுண்ட காற்று" என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். பின்னாளில் கிளாஸ்கோவில் ஒரு தேவாலயக் கூரையின் காற்றுப்போக்கியில் அவர் கந்தல் துணிகளை வைத்து, அவற்றின் மேல் சுண்ணாம்பு நீரைச் சொட்டவிட்டதாக ஒரு செய்தி உண்டு. கீழே பல மணி நேரம் மக்கள் கூடி வழிபட, மேலே கந்தலில் சுண்ணக்கல் படிந்ததாம். காற்றை ஒரு பரப்பின் மேல் ஓடவிட்டு வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும் இன்றைய பெரிய இயந்திரங்களின் தத்துவம் அந்தக் கந்தல் துணியிலேயே இருக்கிறது.

இரண்டாம் பாதி: தெளிதல்

இப்போது பாதியில் விட்ட இடத்துக்கு வருவோம். இந்தக் கட்டத்துக்கு மூச்சு போதாது. ஊதி ஊதிக் கன்னம்தான் வலிக்கும். கோலி சோடாவைத் துணைக்கு அழைப்போம். சர்க்கரை, நிறம் எதுவும் சேராத சாதா சோடாவாக இருக்கட்டும்.

டம்ளரின் அடியில் மட்டும் கொஞ்சம் தெளிந்த சுண்ணாம்பு நீர். அதன் மேல் சோடாவைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். முதல் ஒன்றிரண்டு கரண்டியிலேயே நீர் வெளுக்கும். இதுவரை தெரிந்த கதைதான். நிறுத்தாதீர்கள். மேலும் ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். சோடாவின் அளவு சுண்ணாம்பு நீரைப்போல் ஐந்தாறு மடங்கை நெருங்கும்போது டம்ளருக்குப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். சற்று முன் மறைந்திருந்த எழுத்துகள் மெல்ல மெல்லத் தெரியவரும்.

நீர் கூடியதால் வெண்மை மங்கியிருக்கலாமே என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கத்தான் வேண்டும். இன்னொரு டம்ளரில் அதே அளவு வெளுத்த நீர் எடுத்து, சோடாவுக்குப் பதில் சாதாத் தண்ணீரை அதே அளவு ஊற்றி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்றியது வெளிறிய மோர்போல் கலங்கியே நிற்கும். சோடா ஊற்றியது தெளிந்திருக்கும். ஒப்பிட இரண்டாவது டம்ளர் இருந்தால்தான் அது சோதனை, இல்லாவிட்டால் வித்தை.

சுண்ணக்கல் எங்கே போனது? ஒரு கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் அவருடைய சாந்து, கார்பனேட் அவருடைய செங்கல். இரண்டும் சேர்ந்தால் சுவர். கரியமில வாயு கூடுதலாக வந்து கரைந்தால் அமிலம் கூடும். அந்த அமிலம் ஒவ்வொரு கார்பனேட்டாகப் பிடித்து பைகார்பனேட் என்ற வேறு உருவுக்கு மாற்றிவிடும். அது சாந்தில் ஒட்டாத செங்கல். குவியல் குவியலாக இருந்தாலும் கொத்தனாருக்குப் பயன்படாது. புதிதாகச் சுவர் எழுப்ப முடியாமல் போவது முதல் கேடு. நிலைமை முற்றினால், கட்டிய சுவரிலிருந்தும் செங்கல் உருவப்படும்.

சரக்கு தொலைந்துபோகவில்லை, உருமாறித்தான் இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. தெளிந்த நீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். சூட்டில் வாயு வெளியேறும், வெண்மை திரும்பி வரும். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு ஏடாகப் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

கடல் என்னும் டம்ளர்

1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 315 பங்கு கரியமில வாயு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 ஆக இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நாம் எரித்து வெளிவிடுவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது. இழுத்திராவிட்டால் காற்று இன்னும் சூடேறியிருக்கும். கடல் நமக்குச் செய்த அந்த உதவிக்கு அதுவே விலை கொடுக்கிறது.

அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் அளவுகோலுக்கு பிஎச் என்று பெயர். டென்மார்க்கின் சோரன்சன் 1909இல் கொண்டுவந்தது. 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியதாகப் பொருள். கடலின் மேற்பரப்பு தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்தது. இப்போது ஏறக்குறைய 8.1. பார்வைக்கு அற்பம். ஆனால் இந்த அளவுகோலின்படி, அமிலத்தன்மை கால் பங்கு கூடிவிட்டது. கென் கால்டீரா, மைக்கேல் விக்கெட் என்ற இருவர் 2003இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு "கடல் அமிலமாதல்" என்ற சொல் உலகெங்கும் பரவியது.

அந்தச் சொல்லைக் கேட்டதும் கடல் அமிலக் குளமாகிவிட்டதென்று பயப்பட வேண்டாம். கடல் இன்னும் காரப் பக்கத்தில்தான் நிற்கிறது. அமிலப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் செய்தி. இதனால்தான் முட்டையை வினிகரில் போட்டு ஓட்டைக் கரைத்துக் காட்டும் சோதனையைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு செய்ய வேண்டும். வேடிக்கைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வினிகர் கடலைவிட லட்சம் மடங்குக்கும் மேல் அமிலமானது. சிப்பிகள் கடலில் அப்படி நுரைத்துக் கரைவதில்லை. அவற்றின் துன்பம் வேறு. செங்கல் தட்டுப்பாட்டில் வீடு கட்டும் துன்பம். மஞ்சள் நீரும் 8.2க்கும் 8.1க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டாது. அதற்குக் கருவி வேண்டும், பல ஆண்டுப் பொறுமை வேண்டும்.

கூடிய அமிலத்தைச் சரிக்கட்டக் கடலிலேயே சுண்ணக்கல் உண்டே என்று கேட்கலாம். உண்டு, கடலடிச் சேற்றில் ஏராளமாக உண்டு. ஆனால் மேற்பரப்பு நீர் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்து, அது கரைந்து சமன்செய்ய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நாம் வாயுவைச் சேர்த்தது இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில்.

சிப்பிக் குஞ்சுகளின் இரண்டு நாள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் மாநிலம். அங்கே நெட்டார்ட்ஸ் விரிகுடாவை ஒட்டி விஸ்கி கிரீக் என்ற சிப்பிக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. கரையோரப் பண்ணைகள் பலவற்றுக்குக் குஞ்சு போகும் இடம். 2007ஆம் ஆண்டு வாக்கில் அதன் தொட்டிகளில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கிருமி என்று சந்தேகப்பட்டார்கள். கிருமியை ஒழித்த பிறகும் சாவு நிற்கவில்லை.

கடைசியில் தண்ணீரை அளந்தார்கள். அந்தக் கரையில் கோடைக் காற்று மேல்நீரை விலக்கிவிட, ஆழத்துக் குளிர்நீர் எழும்பி வரும். அழுகிய உயிர்களின் கரியமில வாயு அதில் இயல்பாகவே அதிகம். பல பத்தாண்டுகளுக்கு முன் காற்றைத் தொட்டபோது வாங்கிக்கொண்ட நம்முடைய புகையும் அதோடு சேர்ந்திருந்தது. சிப்பிக் குஞ்சு தன் முதல் ஓட்டை ஏறக்குறைய இரண்டே நாளில் கட்டியாக வேண்டும். அப்போது அதற்கு வாய் திறந்து தின்னவும் தெரியாது. முட்டையில் கொண்டுவந்த சத்தை வைத்துத்தான் கட்ட வேண்டும். செங்கல் குறைந்த நீரில் அந்தச் சத்து முழுவதும் செங்கல் தேடுவதிலேயே தீர்ந்துவிடும்.

பொரிப்பகத்தார் இரண்டு வழி கண்டார்கள். விரிகுடாவின் கடற்புற்கள் பகலெல்லாம் வெயிலில் வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகல் நீர் காலை நீரைவிட நல்லது. அந்த நேரம் பார்த்துத் தொட்டியை நிரப்பினார்கள். அதோடு தண்ணீரில் சோடியம் கார்பனேட்டைக் கலந்தார்கள். வண்ணார் துறையில் புழங்கிய சலவை சோடா அதுதான். குஞ்சுகள் பிழைத்தன.

இதையும் டம்ளரில் செய்யலாம். சோடாவால் தெளிந்த நீரில் கொஞ்சம் எடுத்து, அதில் சுண்ணாம்பு நீரை மறுபடி கரண்டி கரண்டியாகச் சேர்த்துப் பாருங்கள். வெண்மை திரும்பும். காரம் கொஞ்சம் கொடுத்தால் ஒட்டாத செங்கல் ஒட்டும் செங்கலாகிறது.

தொட்டிக்கு இது தோதுப்படும், கடலுக்கு அவ்வளவு எளிதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றை வெட்டி வந்து சுண்ணாம்புக்காகச் சூளையில் சுட்டார்கள். சட்டம் வந்து தடுத்தது. வெட்ட வரும் ஆளைக் காவல் படகு தடுக்கலாம். நீரில் கரைந்து வரும் வாயுவை எந்தப் படகும் தடுக்காது. (பவளம் வெளிறுவது வேறு நோய். அதற்குக் காரணம் கடல்நீரின் சூடு. இரண்டு நோய்க்கும் மூலம் ஒரே புகை என்பது மட்டும் பொது.)

பிடித்து வைப்பது எங்கே?

முதல் பாதியைப் பெரிய அளவில் செய்துவிட்டால் என்ன? அந்த முயற்சி நடக்கிறது. ஐஸ்லாந்தில் 2012இல் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து, அதாவது ஒருவகைச் சோடாவாக்கி, எரிமலைப் பாறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பாறையிலிருந்த கால்சியம் போன்றவற்றோடு சேர்ந்து, இரண்டு ஆண்டுக்குள் 95 சதவீதம் கல்லாகிவிட்டதாக 2016இல் அறிவித்தார்கள். அங்கேயே 2021இல் ஓர்கா என்ற ஆலை திறக்கப்பட்டது. மின்விசிறிகள் காற்றை இழுக்கும், வடிகட்டி வாயுவைப் பிடிக்கும், சூடாக்கினால் விட்டுவிடும். நம் டம்ளரைக் கொதிக்கவைத்தபோது பார்த்த காட்சிதான்.

நம் பக்கத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை வாயுவைப் பிடித்து, அதைக்கொண்டே சோடியம் கார்பனேட் தயாரிக்கும் ஏற்பாடு 2016இல் நடைமுறைக்கு வந்தது. ஓரிகனில் குஞ்சுகளைக் காத்த அதே பொருள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோடியம் கார்பனேட்டைக் கண்ணாடி ஆலைக்கு அனுப்பி மணலோடு உருக்கினால், பிடித்த வாயு மறுபடி காற்றுக்குப் போய்விடும். பிடிப்பது ஒரு வேலை. பிடித்ததை வெளியே விடாமல் வைத்திருப்பது இன்னொரு வேலை.

சூளையின் கணக்கு

கடைசியாக, தொடக்கத்தில் எடுத்த ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்பைப் பற்றி ஒரு கணக்கு. அந்தச் சுண்ணாம்பு எப்படி வந்தது? கிளிஞ்சலையோ சுண்ணக்கல்லையோ சூளையில் சுட்டு வந்தது. நூறு கிலோ சுத்தமான சுண்ணக்கல்லை முழுவதும் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். அந்தச் சுண்ணாம்பைச் சுவரில் அடித்து வைத்தால், அது மறுபடி கல்லாகும்போது காற்றிலிருந்து திருப்பிப் பிடிக்கக்கூடியது அதிகபட்சம் அதே 44 கிலோ. வரவும் செலவும் சரி. சூளைக்கு எரித்த விறகும் கரியும் மட்டும் கடனாக நிற்கும்.

மனிதர் எரிபொருளாலும் சிமெண்டாலும் ஆண்டுக்கு வெளிவிடும் வாயு ஏறக்குறைய 3,700 கோடி டன். ஓர்கா ஆலை ஆண்டு முழுக்க ஓடிப் பிடிக்கத் திட்டமிட்ட அளவு 4,000 டன். வகுத்துப் பார்த்தால், உலகம் நான்கு விநாடிக்குள் விடுவதைப் பிடிக்க அதற்கு ஓர் ஆண்டு. இந்த வகுத்தலைப் பிள்ளைகளே பலகையில் போட்டுப் பார்க்கட்டும். பிடிக்கும் வேலை வீண் என்று இதற்குப் பொருளில்லை. இன்னும் மலிவாக, இன்னும் பெரிதாக அது வளர வேண்டும். ஆனால் ஊதுவதைக் குறைக்காமல் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே போனால் டம்ளர்தான் நிரம்பும்.

ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சுண்ணாம்பு நீர் வெளுத்ததும் டம்ளரைக் கழுவ அனுப்பாதீர்கள். ஒரு சோடாவை உடைத்து, ஊதிக்கொண்டே இருந்த அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.